கூட்டத்தின் பகுதியை வாசிக்கும்போது

(தவக்காலத்தின் கடைசி வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



வருகிற ஞாயிறு குருத்து ஞாயிறு. அன்று ஆலயத்தில் ஆண்டவருடைய திருப்பாடுகளின் வரலாற்றை வாசிப்போம். ஒருவர் வரலாற்றை உரைப்பார், குருவானவர் இயேசுவின் சொற்களை வாசிப்பார், வேறொருவர் பிலாத்து, பேதுரு முதலியவர்களின் பகுதியை வாசிப்பார். கூட்டத்தின் பகுதி ஒன்று இருக்கிறது. பரபாவை விடுதலை செய்யச் சொல்வதும், இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை கேட்பதும் அந்தப் பகுதிதான். அதை வாசிப்பது யார்? நீங்கள்தான். எங்கள் திருப்பாலைவனத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும், வலை காயப் போட்டுவிட்டு அவசரமாகக் குளித்து வந்த அண்ணனும், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து அதை உரக்கச் சொல்கிறார்கள்.

திருச்சபை ஏன் அந்தப் பகுதியை நம்மிடம் கொடுத்திருக்கிறது? அன்று கத்தியது "அவர்கள்" என்று நாம் கை கழுவிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். ஆனால் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நாம் அப்படிக் கை கழுவினோம். கிறிஸ்துவைக் கொன்றவர்கள் யூதர்கள் என்று இதே வாசகத்தைக் கொண்டு சொன்னோம். ஐரோப்பாவில் பல ஊர்களில் புனித வாரம் வந்தாலே யூதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடுங்கியிருந்த காலம் உண்டு. அந்த வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட பொய்யை மட்டும் இன்று பேச விரும்புகிறேன். அந்தப் பொய் நம் பழவேற்காடு வரை வந்து ஓர் உயிரைக் குடித்தது.

2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் கைப்பேசிகளில் ஒரே பேச்சு. பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, வடநாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று. அந்தச் சமயத்தில் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மனிதர் திரிந்துகொண்டிருந்தார். வீடு வாசல் இல்லாதவர், மனநிலை சரியில்லாதவர் என்று செய்திகள் கூறின. அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகப்பட்டு ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. உடலைப் பாலத்தில் கட்டித் தொங்கவிட்டது. செய்தித்தாளில் அவருக்குப் பெயர்கூட இல்லை. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த வயதான அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். காவல்துறை இரண்டு இடங்களிலும் பலரைக் கைது செய்தது. காணாமற்போன குழந்தை என்று இரண்டு இடங்களிலும் எவரும் இல்லை.

இது கைப்பேசி வந்த பிறகு வந்த நோய் என்று பலர் சொல்கிறார்கள். வரலாறு படித்தவன் அப்படிச் சொல்ல முடியாது, அன்பார்ந்தவர்களே. கைப்பேசிக்கு ஏறத்தாழ 870 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செய்தி புறப்பட்டுவிட்டது.

1144-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நார்விச் என்னும் ஊருக்கு வெளியே, காட்டில், வில்லியம் என்ற சிறுவனின் உடல் கிடைத்தது. கொன்றது யார் என்று தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து தாமஸ் என்ற துறவி ஒருவர் அதைப் புத்தகமாக எழுதினார். ஊரிலிருந்த யூதர்கள் அந்தப் பிள்ளையைப் பிடித்து, நம் ஆண்டவரைப் பாடுபடுத்தியதுபோலப் பாடுபடுத்திக் கொன்றார்கள் என்று எழுதினார். ஒரு துறவி, மடத்தில் உட்கார்ந்து, எழுதுகோலால் எழுதிய பொய் அது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் எந்த ஊரில் ஒரு குழந்தை காணாமல் போனாலும், கிணற்றில் விழுந்து இறந்தாலும், கூட்டம் நேராக யூதர்களின் தெருவுக்குப் போகத் தொடங்கியது. பாஸ்கா அப்பத்துக்குக் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்று கதை வளர்ந்தது. யூதர்களின் திருச்சட்டமோ விலங்கின் இரத்தத்தைக்கூட உண்ணக் கூடாது என்று சொல்லும் சட்டம். அதை நினைத்துப் பார்க்க அந்தக் கூட்டங்களுக்கு நேரமில்லை.

திருச்சபையின் தலைமை இதை நம்பியதா? 1247-இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் இந்தக் குற்றச்சாட்டு பொய் என்று ஆயர்களுக்கு எழுதினார். யூதர்களின் சொத்தைப் பறிக்க விரும்புகிறவர்கள் கட்டுகிற கதை இது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். ஆனால் உரோமையிலிருந்து போகும் கடிதத்தைவிட ஊருக்குள் ஓடும் வதந்தி வேகமானது.

1475-இல் இத்தாலியின் வடக்கே திரெந்து நகரில் நடந்ததைக் கேளுங்கள். இந்தத் திரெந்துதான் பிற்காலத்தில் பெரிய பொதுச்சங்கம் கூடிய ஊர். அந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு போதகர் யூதர்களுக்கு எதிராகக் கடுமையாகப் பிரசங்கம் செய்திருந்தார். புனித வாரத்தில் சிமோன் என்ற இரண்டு வயதுக் குழந்தை காணாமல் போனது. உயிர்ப்பு ஞாயிறன்று ஒரு யூதரின் வீட்டடியில் ஓடிய நீர்க்காலில் உடல் கிடந்தது. அதைக் கண்டு அதிகாரிகளிடம் போய்ச் சொன்னவர்களே அந்த யூதர்கள்தான். ஆனால் பிடிபட்டவர்களும் அவர்களே. சித்திரவதை செய்தால் எந்த மனிதனும் எதையும் ஒப்புக்கொள்வான். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பலர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தையை வேதசாட்சி என்று சொல்லி மக்கள் வணங்கத் தொடங்கினார்கள். இந்த வணக்கத்தை நம் திருச்சபை 1965-இல்தான் நீக்கியது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பொய்யின் முன் மெழுகுவர்த்தி எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும் தவக்காலத்தில் பிரசங்கம் செய்கிறவன்தான்.

துறவியின் புத்தகத்துக்கும் போதகரின் பிரசங்கத்துக்கும் பிறகு செய்தித்தாள் வந்தது. 1903-ஆம் ஆண்டு, அன்றைய இரஷ்யப் பேரரசில் இருந்த கிஷினேவ் நகரம். இன்று அது மால்டோவா நாட்டின் தலைநகர். பக்கத்து ஊரில் ஒரு சிறுவன் கொலையானான். கொன்றது அவனுடைய உறவினரே என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அந்த வட்டாரத்துச் செய்தித்தாள் யூதர்கள்தான் இரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியது. உயிர்ப்புப் பெருவிழா அன்று கலவரம் தொடங்கியது. இரண்டு நாள் நடந்தது. 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் நாசமாயின. ஊரில் காவலர்கள் இருந்தார்கள், படைவீரர்கள் இருந்தார்கள். அவர்களை ஏவ வேண்டியவர்கள் ஏவவில்லை.

இதையும்விட என்னை உறங்கவிடாதது போலந்து நாட்டின் கியெல்ட்சே நகரத்தில் நடந்தது. ஆண்டு 1946. இட்லரின் ஆட்சியில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு முடிந்திருந்த நேரம். தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் அந்த ஊரில் ஒரு கட்டடத்தில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல், தன் குடும்பம் முன்பு வாழ்ந்த கிராமத்துக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவன், யூதர்கள் தன்னைப் பிடித்து அந்தக் கட்டடத்தின் நிலவறையில் அடைத்துவைத்தார்கள் என்று சொன்னான். சூலை 4-ஆம் நாள் காலையில் காவலர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் நிலவறையே இல்லை.

அன்பார்ந்தவர்களே, அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நிலவறை இல்லை என்றால் கதையும் இல்லை. ஆனால் வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு நிலவறை தேவைப்படவில்லை. காவலுக்கு வந்த படைவீரர்களும் காவலர்களுமே சுடவும் அடிக்கவும் தொடங்கினார்கள். மதிய வேளையில் பக்கத்து இரும்பு ஆலையிலிருந்து தொழிலாளர்கள் இரும்புக் கம்பிகளோடு வந்து சேர்ந்தார்கள். மாலைக்குள் 42 யூதர்கள் பிணமானார்கள். வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்தவர்களை அண்டை அயலார் அடித்துக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் கத்தோலிக்கர்கள், ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்கள். தன்னை யாரும் பிடித்து வைக்கவில்லை என்று அந்தப் பையனே முதுமையில் சொன்னார்.

அப்போது ஒரே ஓர் ஆயர் தெளிவாகப் பேசினார். செஸ்டகோவா மறைமாவட்டத்தின் ஆயர் தெயோதோர் குபினா. கறுப்பு மாதா திருத்தலம் இருக்கும் மறைமாவட்டம் அது. யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்பது பொய், அதை நம்பாதீர்கள், பரப்பாதீர்கள் என்று தம் மக்களுக்கு அறிவித்தார். அவருடைய மறைமாவட்டத்தில் அப்படி ஒரு கொலைக்களம் உண்டாகவில்லை. உடன் ஆயர்கள் அவரைப் பாராட்டினார்களா? இல்லை. தனித்துப் பேசியதற்காக அவரைக் குறைகூறினார்கள்.

இப்போது ஒரு கேள்வி வரும். வதந்தி மட்டும் இவ்வளவு செய்துவிடுமா, சுவாமி? வதந்தியோடு இன்னொன்றும் சேர வேண்டும். யாரைக் கொன்றாலும் கேட்பார் இல்லை என்ற தைரியம் கூட்டத்துக்கு வர வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நாம் போலந்துக்குப் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ச் சொந்தங்களிடம் கேட்டால் போதும்.

1983 சூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை 29-ஆம் நாள், புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, ஓய்ந்துகொண்டிருந்த கொலை மறுபடியும் எழுந்தது. இறந்தவர்கள் நானூறுக்கும் குறைவு என்றது அரசு. மூவாயிரம் வரை இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். நாட்டின் தலைவர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச ஐந்து நாட்கள் ஆயின. அந்தப் பேச்சில் தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. அதே நாட்களில் தமிழரைத் தம் வீட்டின் உள்ளறையில் ஒளித்துவைத்து, வாசலில் நின்று "இங்கே யாருமில்லை" என்று சொன்ன சிங்களக் குடும்பங்களும் பல. இரண்டையும் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

நான் இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2018 மே மாதம் நான் வேறொரு பங்கில் இருந்தேன். ஒரு நாள் மாலை என் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். பதற்றமான ஓர் ஆண் குரல். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள், பிச்சைக்காரர் வேடத்தில் வருகிறார்கள், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்றது. அது யார் குரல் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊரில், எந்த நாளில், எந்தக் குழந்தை என்றும் கேட்கவில்லை. மறைக்கல்விப் பிள்ளைகளின் பெற்றோர் குழுவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். கீழே, "பெற்றோர்களே, கவனமாக இருங்கள்" என்று நானே ஒரு வரியும் சேர்த்தேன். பங்குத்தந்தை அனுப்பியது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? அன்று இரவுக்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும்?

சில நாட்களில் பழவேற்காட்டுப் பாலத்துச் செய்தியை நாளிதழில் படித்தேன். என் கைப்பேசியிலிருந்து அந்தப் பதிவை அழித்தேன். மற்றவர்களின் கைப்பேசியிலிருந்து என்னால் அழிக்க முடியவில்லை. நான் அனுப்பியது பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் நார்விச் துறவியும் யாரையும் தன் கையால் கொல்லவில்லையே. இதை ஒப்புரவு அருளடையாளத்தில் அறிக்கையிட்டேன். வெளியே எவரிடமும் சொல்லவில்லை. பிறகு ஆயர் என்னை இந்தப் பக்கத்துக்கே மாற்றினார். நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்க அந்தப் பாலத்தின் வழியாகப் போகும்போதெல்லாம் என் கை தானாகச் சிலுவை அடையாளம் போடுகிறது. இன்று உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலருடைய கைப்பேசியிலும் அந்தப் பதிவு இருந்தது.

அந்த ஆண்டில் நாடெங்கும் சுற்றிய ஒரு காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து, தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக நடித்து எடுத்த படம். படத்தின் முடிவில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டு யாரோ அனுப்பினார்கள். அதை மெய்யென்று நம்பிய கூட்டங்கள் பல மாநிலங்களில் ஆட்களைக் கொன்றன. 2018 சூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலையில் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் அதிகாரி வந்து சேருமுன்னே கூட்டம் சேர்ந்துவிடும். அந்த இடைவெளியில் அங்கே இருக்கப்போவது நீங்களும் நானும்தான்.

கடல் தொழில் செய்கிற உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லித்தரத் தேவையில்லை. முகத்துவாரத்தில் மண் சேர்ந்துவிட்டது, படகு போகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்கள் திரும்பிவிடுவதில்லை. போய்ப் பார்க்கிறீர்கள். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வலையை எடுக்கிறீர்கள். ஒரு நாள் பாட்டுக்கே இவ்வளவு விசாரிக்கிற நீங்கள், ஒரு மனிதனின் உயிர் என்று வரும்போது விசாரிக்காமல் கை ஓங்கலாமா?

நம் பகுதியில் யார்மேல் முதலில் சந்தேகம் விழுகிறது என்று நேர்மையாக நினைத்துப் பாருங்கள். ஒரு பொருள் காணாமல் போனால், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடிசைப் பக்கம்தான் முதல் பார்வை போகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற ஒடிசா, பீகார் பிள்ளைகளின் மொழி நமக்குப் புரியாததால் அவர்களைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அங்கே பெற்ற தாய்மார் அழுதார்கள், இங்கே பிள்ளைகள் பயந்து இரயிலேறினார்கள். அப்போது நம்மைப் பற்றி அவர்கள் நம்பியது பொய் என்று நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அந்தக் கோபத்தை மறக்காதீர்கள். நாளை இன்னொருவரைப் பற்றி நமக்கு வருகிற செய்தியும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயத்தாரோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. ஆண்டவருடைய பாடுகளுக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையுமோ இன்று வாழும் யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என்று அதில் தெளிவாக அறிவித்தது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இகழ்ந்த சொல்லைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அதற்கு முன்பே, 1959-இல், நீக்கியிருந்தார். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவர்முன் நின்று, மன்னிப்புக் கேட்கும் செபத்தை எழுதி அந்தச் சுவரின் கல்லிடுக்கில் வைத்தார். வயதான, நடுங்கும் கை. தவறை ஒப்புக்கொள்வதால் திருச்சபை சிறுத்துவிடவில்லை. நாமும் சிறுத்துவிட மாட்டோம்.

இந்தப் புனித வாரத்தில் சில காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். கைப்பேசியில் பயமுறுத்தும் செய்தி வந்தால், அனுப்பியவரையே திரும்ப அழைத்து, இதை நீங்கள் பார்த்தீர்களா, எந்த ஊர், எந்த நாள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்களோடு அது நிற்கட்டும். குழந்தைக்கு ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால் 1098 என்ற எண்ணையோ காவல்துறையையோ அழையுங்கள். ஊருக்குள் அந்நியர் ஒருவரைச் சுற்றி ஆட்கள் கூடுவதைக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். நம் அன்பியத்தைச் சேர்ந்த நாலு பேராவது அவரைச் சுற்றி நில்லுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், காவலர் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். கூட்டத்தில் முதல் கை ஓங்குவதற்கு முன் ஒருவர் "பொறுங்கப்பா" என்று சொன்னால் பல நேரங்களில் அதுவே போதும். அந்த ஒருவர் பழவேற்காட்டில் அன்று இருந்திருந்தால்!

பெரிய வெள்ளியன்று மாலை வழிபாட்டில், பாலத்தில் இறந்த அந்தப் பெயர் தெரியாத சகோதரருக்காக நம் பங்கில் மன்றாடுவோம். நமக்கு அவர் பெயர் தெரியாது. அவரைப் படைத்தவருக்குத் தெரியும். குருத்து ஞாயிறன்று கூட்டத்தின் பகுதி வரும்போது, பிள்ளைகளே, பெரியவர்களே, உரக்கக் கத்தாதீர்கள். மெதுவாக வாசியுங்கள். அது வேறு யாருடைய குரலும் இல்லை.

செபிப்போம்: கூட்டத்தின் நடுவே தனியாக நின்ற ஆண்டவரே, எங்கள் நாவைக் காத்தருளும். நாங்கள் அறியாமல் பரப்பிய பொய்களை மன்னித்தருளும். எங்கள் ஊருக்குள் வருகிற அந்நியரிடம் உம் முகத்தைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.